கோணி ஊசி

கசிபெக் அன்றைக்கு வந்திருக்க வேண்டியதே இல்லை. பெண்டாட்டியின் பிறந்த வீட்டில் உருளைக்கிழங்கு எடுத்தால் மருமகன் வந்துதான் தீரவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. அதுவும் முப்பது வருஷத்து மருமகன். வயது ஐம்பத்தொன்பது. மேல்கிராமத்துக்குப் பத்து வருஷமாக நீர்பாய்ச்சி. இருந்தாலும் ஒவ்வொரு செப்டம்பரிலும் தலைமடைப் பலகையை இறக்கிப் பூட்டிவிட்டு, குதிரைமேல் மண்வெட்டியைக் குறுக்கே வைத்துக்கொண்டு வந்துவிடுவார். வேலியோரம் குதிரை செருமினதும் கொழுந்தியாள் கனிஷாய் வாளியைக் கீழே வைப்பாள். முதல் பேச்சு யாருடையது என்பதில் இருவருக்கும் போட்டி.

அந்த வருஷம் அவர் முந்திக்கொண்டார்.

"என்னடி கிழவி, இன்னும் இந்த வீட்டுலதான் இருக்கியா? உன்னை யாரும் தூக்கிட்டுப் போகலையா?"

"தூக்க வந்தவன் உங்க மூஞ்சியைப் பாத்துட்டு ஓடிட்டான் அத்தான்."

"நான் ஒருத்தனைப் பாத்து வச்சிருக்கேன். மேய்ச்சல்காரன். ஆடு முன்னூறு, பல்லு மூணு."

"பல்லு மூணும் ஒரே பக்கமா, இல்ல பிரிச்சு வச்சிருக்கானா?"

கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து சிரித்தார்கள். கனிஷாய்க்கு நாற்பத்து மூன்று. புருஷனை விட்டுவிட்டு அண்ணன் தாலாய்பெக் வீட்டுக்கு வந்து ஐந்து வருஷம். அவள் முன்னால் கல்யாணப் பேச்சு வந்தாலே ஊரில் எல்லோரும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். கசிபெக் மட்டும் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டதே இல்லை. பதின்மூன்று வயதில் அவள் எந்தக் கொழுந்தியாளோ, இப்போதும் அவருக்கு அதே கொழுந்தியாள்தான்.

குதிரையைக் கட்டிவிட்டு அவர் ஒரு துணிப்பையை அவளிடம் நீட்டினார். குரல் இறங்கியிருந்தது.

"உங்க அக்கா குடுத்தா. கைக்கு எட்டுற இடத்துல வை."

பைக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். காலையிலேயே அக்கா உல்கான் போன் செய்திருந்தாள். பசு கன்று போடுகிற நேரம், தான் வர முடியாது என்று சொல்லிவிட்டு, சுற்றி யாரும் இல்லையே என்று கேட்டுக்கொண்டு பேசினாள்.

"ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு இன்னும் சரியாகலைடி. வந்துச்சுன்னா வந்ததுதான், ஒரு நிமிஷம் அடக்க முடியாது. மாத்துக் கால்சட்டை குடுத்துவிடுறேன். சாப்பிட உக்காரும்போது கதவுப் பக்கமா உக்கார வை."

"கதவுகிட்ட உக்கார வச்சா அண்ணன் என்னைத் தொலைச்சிருவான்க்கா. வீட்டு மருமகனைப் போய்..."

"எதையாவது சொல்லிச் சமாளி. அண்ணனுக்குத் தெரிய வேணாம். யாருக்குமே தெரிய வேணாம். உன்னை நம்பித்தான் அனுப்புறேன்."

பையை அவள் நடைக்கூடத்து அலமாரிமேல் வைத்தாள்.

வேலை அவசரம். மலையில் பாதி உயரம்வரை வெள்ளை இறங்கியிருந்தது. இன்னும் இரண்டு மூன்று நாளில் வயலிலும் உறைபனி விழும். பனி அடித்த கிழங்கை மாடுதான் தின்ன வேண்டும். டிராக்டர் சால் பிரித்துக்கொண்டே முன்னால் போக, எட்டுப் பேர் குனிந்தபடி பின்னால் போனார்கள். பெரியது ஒரு வாளி, விதைக்கு ஒரு வாளி, பொடி ஒரு வாளி. ஏரிப் பக்கமிருந்து அடித்த காற்றில் மண் பல்லில் நறநறத்தது. கசிபெக் எல்லோரையும்போல்தான் பொறுக்கினார். நடுவில் நான்கு முறை வேலிக்கு அப்பால் போய்வந்தார். குதிரையைப் பார்க்கப் போவதாகச் சொன்னார்.

"மாமா, குதிரைமேல இவ்ளோ பாசமா? அத்தைகிட்ட சொல்லிருவேன்" என்றாள் அஜார். தாலாய்பெக்கின் மகள், பதினேழு வயது. கையில் வாளியும் சட்டைப்பையில் போனும் இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது.

"சொல்லேன் கழுதை. குதிரையாவது என்னைத் திருப்பித் திட்டாது."

அக்காள் புருஷனானாலும் அத்தை புருஷனானாலும் இந்தப் பக்கத்தில் கேலிக்கு ஒரே முறைதான். அஜாருக்கும் அந்த உரிமை உண்டு.

மதியம் வீட்டுக்குள் விரிப்பைப் போட்டு, சுற்றி மெத்தைகளை அடுக்கியிருந்தார்கள். கனிஷாய் அக்கா சொன்னதை மறக்கவில்லை. "அத்தான், இப்படிக் கதவுகிட்ட உக்காருங்க, காத்தோட்டமா இருக்கும்" என்றாள்.

தாலாய்பெக் திரும்பிப் பார்த்தான். "என்ன பேச்சு இது? வீட்டு மருமகன் செருப்புகிட்ட உக்காரணுமா? அத்தான், நீங்க மேல போங்க."

கசிபெக் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே எல்லோர் முழங்காலையும் தாண்டிக் கதவுக்கு நேர் எதிரே, அறையின் கடைசியில், பெரியவர்கள் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

இறைச்சியோடு வறுத்த புதுக் கிழங்கு, ரொட்டி, பாலாடை, பால் விட்ட தேநீர். மூன்றாவது கிண்ணத்தை அவர் வேண்டாமென்று கையால் மூடினார். சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் புகைக்கப் போனார்கள். கசிபெக் தலையணையில் சாய்ந்தார். இரவெல்லாம் தூக்கம் கெட்டவர்போல, சாய்ந்த உடனேயே குறட்டை வந்துவிட்டது.

கனிஷாய் நடையில் உட்கார்ந்து விதைக் கிழங்குச் சாக்குகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். அஜார் வந்து பக்கத்தில் குந்தினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அத்தை, மாமா நல்லாத் தூங்குறாரு. தச்சிரட்டுமா?"

"என்னத்த?"

"மெத்தையோட. நீங்க செஞ்சீங்கல்ல, அவர் கல்யாணத்துக்கு வந்தப்ப."

அந்தக் கதையைக் கனிஷாய் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சொல்லியிருக்கிறாள். பதின்மூன்று வயதில் புது மாப்பிள்ளையின் மேலங்கியை மெத்தையோடு தைத்தது. அவர் எழுந்து, மெத்தை பின்னால் இழுபட, ராஜா மாதிரி முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பிறகு மண்டியிட்டு, "எசமானி, என்னை அவிழ்த்துவிடுங்க" என்று ஒரு தலைத்துணியும் சீப்பும் பரிசு கொடுத்தது. அன்றைக்கு அவள் போட்டது ஒற்றை வெள்ளை நூலில் நீள நீளத் தையல், ஒரு இழுப்புக்கு வந்துவிடும். அப்படித்தான் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கதை சொல்லும்போது அந்தப் பகுதியை அவள் சொல்வதில்லை. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

"ஊசி குடுங்கத்தை. எந்திரிச்சிருவாரு."

கனிஷாய் கையிலிருந்ததைக் கொடுத்தாள். கோணி ஊசி. விரல் நீளம், நுனி வளைந்தது. இரட்டையாகக் கோத்த நீல நைலான் நூல் அதிலேயே தொங்கியது. கொடுக்கும்போது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அலமாரிமேல் பை இருந்தது. அவள் தலைக்கு நேர் மேலே.

இரண்டாம் தேநீருக்கு எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அவர் கால்சட்டை இடுப்பில் குத்திய ஊசி மெத்தையோடு நிற்காமல் அடியில் கிடந்த கம்பள விரிப்பிலும் ஏறியிருந்தது. அந்தக் கம்பளத்தின்மேல்தான் எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அஜார் போனை ரொட்டிக் கூடையில் சாய்த்து வைத்திருந்தாள். அப்போதே அதை நேரலையில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது கனிஷாய்க்குத் தெரியாது.

கசிபெக் திடுக்கென்று விழித்தார். எழப் பார்த்தார். பாதி எழுந்து, இடுப்பைப் பிடித்து யாரோ இழுத்த மாதிரி உட்கார்ந்தார். அறையே சிரிப்பில் வெடித்தது.

"சரி, சரி. ஜெயிச்சிட்டீங்க" என்றார். சிரிக்கத்தான் செய்தார். "அவிழ்த்து விடுங்க பிள்ளைகளா."

"அவ்ளோ சுலபமா?" என்றான் பக்கத்து வீட்டுக்காரன்.

"கத்தியைக் குடுங்க. நானே அறுத்துக்கிறேன்."

கத்தி ரொட்டிப் பக்கத்தில் இருந்தது. கனிஷாய் அதை எடுத்து மடிக்குக் கீழே வைத்துக்கொண்டாள். முறைப்படி கொழுந்தியாள் சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொன்னாள். "பரிசைச் சொல்லுங்க அத்தான், அப்புறம் கத்தி."

அவர் வேறு யாரையும் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். அந்த அறையில் அவர் உடம்பு நிலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்தப் பார்வையில் அவளுக்கு எல்லாம் நினைவு வந்தது. போன், பை, கதவு. நினைவு வந்த பிறகும் அவள் இன்னொரு முறை சொன்னாள். "பரிசு." சிரிப்பு உச்சத்தில் இருந்தது. அதை நிறுத்துகிற ஆளாகத் தான் இருக்க அவளுக்கு மனசில்லை. அவ்வளவுதான். வேறு காரணம் கிடையாது.

கசிபெக் இரண்டு கையையும் தரையில் ஊன்றிப் பலம்கொண்ட மட்டும் எம்பினார். கம்பளம் இழுபட்டுக் கிண்ணங்கள் சரிந்தன. முழங்காலில் விழுந்தார். அப்படியே நின்றுவிட்டார். வெளிர்ச் சாம்பல் கால்சட்டை. மறைக்க ஒன்றுமில்லை. சிந்திய தேநீர் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. அஜார்தான் கனிஷாயின் மடியடியிலிருந்து கத்தியைப் பிடுங்கி, அழுதுகொண்டே நூலை அறுத்தாள். அவர் எழுந்தார். எல்லோரும் வழிவிட்டு முழங்காலை மடக்கிக்கொண்டார்கள். கனிஷாய் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், திரும்பாமலே கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். குதிரை போகிற சத்தத்தை எல்லோரும் உள்ளேயிருந்தே கேட்டார்கள். மீதிக் கிழங்கு அன்றைக்கு மண்ணில்தான் கிடந்தது.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ ஊருக்கே வந்துவிட்டது. அஜார் தன் போனிலிருந்து அழித்துவிட்டாள், ஆனால் யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். அதில் கனிஷாயின் முகம் இல்லை. குரல் மட்டும் இருந்தது.

தாலாய்பெக் மகளை நடுக்கூடத்தில் நிறுத்தி அறைந்தான். போனைத் தண்ணீர்ப் பீப்பாயில் போட்டான்.

"மாமனை ஊருக்குக் காட்டுறியா? உன் வயசுல நான் அவர் எதிர்ல கால் நீட்டினது கிடையாது."

"எல்லாரும் சிரிச்சீங்கல்ல" என்றாள் அஜார்.

"வாயை மூடு. யாராவது கோணி நூலால தைப்பாங்களா? அறிவிருக்கா? அந்த ஊசி எங்கருந்து வந்துச்சு?"

கனிஷாய் சமோவாருக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். ஒடித்த சுள்ளியையே திரும்ப ஒடித்தாள்.

"சாக்குமேல கிடந்துச்சு" என்றாள் அஜார்.

இரண்டாவது அறை விழுந்தது.

பிறகு தொழுவத்தில் தனியாக இருந்தபோது கனிஷாய் கேட்டாள். "ஏன் அப்படிச் சொன்ன?"

அஜார் பாலைக் கறந்துகொண்டே இருந்தாள். "பின்ன எப்படிச் சொல்றது? நீங்க பெரியவங்க. உங்களைக் காட்டிக்குடுத்துட்டு உங்க மூஞ்சியை எப்படிப் பாக்குறது?"

"நான்தானே குடுத்தேன்."

"உங்களுக்கு மட்டும் என்ன தெரியும், அவருக்கு அப்படி ஒரு சீக்குன்னு? தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பீங்களா?"

கனிஷாய் இரண்டாவது மாட்டுக்கு வைக்கோல் போடப் போனாள்.

மறுநாள் கடையில் அனார்கான் மாவுக்கு நின்றிருந்தாள். மேல்வீட்டுக்காரி. அன்றைக்கு விரிப்பில் உட்கார்ந்து சிரித்த எட்டுப் பேரில் ஒருத்தி.

"என்னம்மா காலம் இது" என்று ஆரம்பித்தாள். "நாம விளையாடலையா? கொழுந்தியான்னா கேலி பண்ணத்தான் செய்வா. ஆனா எது வரைக்கும்னு ஒண்ணு இருந்துச்சு. இதுங்களுக்குப் பெரியவன் சின்னவன் கிடையாது, வெக்கம் கிடையாது. கையில அந்தக் கண்ணாடித் துண்டு இருந்தாப் போதும். இல்லையா?"

"ஆமா" என்றாள் கனிஷாய்.

"காலையில மடைகிட்ட பசங்க கத்துறாங்களாம், ஊர்த் தண்ணியைக் கட்டத் தெரிஞ்சவனுக்குத் தன் தண்ணியைக் கட்டத் தெரியலைன்னு. உன் அத்தான் மண்வெட்டியைப் போட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாராம். கோதுமைக்குக் கடைசித் தண்ணி, முறை வைக்க ஆளில்லாம ஆளாளுக்கு உடைச்சு விடுறாங்க. எல்லாம் இந்தச் சின்னதுங்களாலதான்."

"ஆமாம்மா" என்றாள் கனிஷாய் இரண்டாம் முறையாக. நாக்கு அதற்கு நன்றாகவே வளைந்தது. மாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த இரண்டு ஆமாவும் கூடவே வந்தன. அன்று இரண்டு முறை கேட்ட பரிசைவிட இவை மோசம் என்று அவளுக்குப் பட்டது. அப்போதாவது சிரிப்பு இருந்தது.

உல்கான் மூன்று நாள் கழித்துத்தான் போன் செய்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"பை உன்கிட்டதானே இருந்துச்சு?"

"அக்கா..."

"இருந்துச்சான்னு கேட்டேன்."

"இருந்துச்சு."

வைத்துவிட்டாள்.

நான்காம் நாள் தாலாய்பெக் பெட்டியைத் திறந்து புது வெல்வெட் மேலங்கி ஒன்றை எடுத்தான். தப்பு செய்தவர்கள் கையோடு கொண்டுபோய்ப் போர்த்துவது முறை. "நீயும் அவளும் போங்க" என்றான் தங்கையிடம். "எனக்கு அவர் முன்னாடி நிக்க மூஞ்சி இல்ல. உன்கிட்டன்னா அவர் சிரிச்சுப் பேசுவாரு. நீ எதையாவது சொல்லி அவரைச் சிரிக்க வச்சிரு, பாதி சரியாயிரும்."

பழைய காரைக் கனிஷாய்தான் ஓட்டினாள். அஜார் மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வாய்க்கால் ஓரமெல்லாம் கரை உடைந்து பாதையில் தண்ணீர் நின்றது. ஒரு கோதுமை வயல் முழுகிக் கிடந்தது, அடுத்தது பிளந்து கிடந்தது.

உல்கான் கதவைத் திறந்து, தங்கையைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். கசிபெக் அடுப்பருகில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் புதுப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார். நான்கு நாளில் முகம் சிறுத்திருந்தது. அஜார் வாசற்படியிலேயே நின்று, மனப்பாடம் பண்ணினதையெல்லாம் மறந்து ஓவென்று அழுதாள்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அடுப்பு அணைஞ்சிரும், அழுகையை நிறுத்து. வா கழுதை, உள்ள வா."

"மாமா, எனக்குத் தெரியாது மாமா. சத்தியமா..."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சவளா இருந்தா செய்வியா?" அவர் அஜாரைத்தான் பார்த்துச் சொன்னார். "ஆனா என்ன தையல்டி அது! சாக்குத் தைக்கிற கை. உன்னைக் கட்டப்போறவன் பாவம், ராத்திரி அவனையும் மூட்டை கட்டித் தச்சிருவ."

அஜார் அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்தாள்.

"சிரிக்காத. தண்டனை இருக்கு. நாளைக்கு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு வர்ற. நீயும் நானும் வாய்க்காலை அடைக்கிறோம், ஊர் பாக்க. எவனாவது எதையாவது கத்தினா நீதான் பதில் சொல்ற. வாய் இருக்கில்ல, இவ்ளோ நீளம்?"

"இருக்கு மாமா."

"இருக்குன்னு ஊருக்கே தெரியும்."

கனிஷாய் வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் எழுந்தார். அவளுக்காக அவர் எழுந்து அவள் பார்த்ததில்லை.

"வாங்க கனிஷாய். வழியில சிரமம் ஒண்ணும் இல்லையே? பாதை கெட்டுப்போச்சு, மன்னிக்கணும். மேல வாங்க, அங்க உக்காருங்க."

விருந்தாளி இடத்தைக் கைகாட்டினார். அவள் உட்கார்ந்தாள். மேலங்கியை அவள் போர்த்தியபோது தோளைக் குனிந்து ஏற்றுக்கொண்டு, நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னார். தாலாய்பெக்கின் உடம்பு, மாடுகளின் உடம்பு, இந்த வருஷத்து விளைச்சல், எல்லாம் ஒவ்வொன்றாக விசாரித்தார். ரொட்டியைத் தன் கையாலேயே பிட்டு அவள் முன்னால் வைத்தார். உல்கான் தேநீரை ஊற்றிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அத்தான்" என்றாள் கனிஷாய். "கொழுந்தியா வந்தா ஒரு வசவுகூடக் கிடையாதா?"

"உங்களை ஏன் வையணும்? எங்க வீடு தேடி வந்திருக்கீங்க."

"அன்னிக்கு எனக்கு..."

"தேநீர் ஆறுது. குடிங்க."

"அத்தான், எனக்கு நினைப்பு வந்துருச்சு. வந்த பிறகும்தான் நான்..."

"அது எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக. பிறகு அதே குரலில், "பாலாடை எடுத்துக்கோங்க. நேத்து எடுத்தது" என்றார்.

அவள் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் மரியாதை இல்லை.

கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார். படலைத் திறந்து பிடித்தார். காரின் கதவையும் அவரே திறந்துவிட்டு, அவள் உட்காரும்வரை நின்று, அண்ணனுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். அஜார் மறுபக்கம் ஏறப்போனபோது அவள் சடையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அவள் கத்தினாள்.

கார் முக்கு திரும்பும்வரை கண்ணாடியில் அவர் தெரிந்தார். நெஞ்சில் கையை வைத்தபடியே நின்றார்.

அஜார் சடையைத் தடவிக்கொண்டே வந்தாள். அழுது வீங்கிய கண்ணில் வெளிச்சம் வந்திருந்தது. கொஞ்ச தூரம் போனதும் குறைப்பட ஆரம்பித்தாள்.

"பாத்தீங்களா அத்தை, உங்களுக்கு மட்டும் எவ்வளவு மரியாதை. வாங்க, போங்க, ரொட்டியைப் பிட்டு வேற வைக்கிறாரு. நான்னா மட்டும் கழுதை."